மிளகுக் கடைத் தராசு

மாத்தளையிலிருந்து வடக்கு நோக்கித் தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 வீதியிலே, அலுவிகாரையைத் தாண்டிச் சில மைல் சென்றதும் எதிர்ப்படுகிற எங்கள் பலாபத்வலக் கடைவீதியில், மிளகும் கராம்பும் கொக்கோவும் கொள்முதல் செய்கிற கடையொன்றின் முன்விறாந்தையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று உண்டு. காலையில் மிளகை நிறுக்கும் அது, மாலையில் வியாபாரம் ஓய்ந்த பிறகு, பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் வாலிபர்களை நிறுக்கும். சென்ற வருஷம் ஒரு நாள் என் மருமகன் முறையான பையன் அதிலே ஏறி நின்றான். உயரம் 170 சென்ரிமீற்றர்; முள் நின்ற இடம் 49 கிலோ. அவனுக்கு முன் அதே மேடையில் கிடந்த மிளகு மூட்டையின் நிறை 50 கிலோ என்று கடைக்காரர் பேரேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார், கூட இருந்தவர்களும் சிரித்தார்கள், பையன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்: “என்னா மாமா இது? மூணு வேளையும் நல்லாத்தான் திங்கிறேன். திங்கிறதெல்லாம் எங்க போவுதுன்னே தெரியல. ஒடம்பு ஏறவே மாட்டேங்குது.”

பருத்தவனுடைய துன்பத்துக்கு இந்நாளில் கேட்பார் உண்டு. பத்திரிகைகளும் வைத்தியர்களும் தொலைக்காட்சியும் அவனுக்கு இடையறாது உபதேசம் செய்துகொண்டிருக்கிறார்கள். மெலிந்தவன் தன் குறையைச் சொன்னாலோ, “உனக்கென்ன குறை, கொடுத்து வைத்தவன்” என்று அதை ஒரு பாக்கியம்போலப் பேசித் தள்ளிவிடுகிறார்கள். அல்லது காலையிலே பழைய சோறும் பகலிலே நெய்யும் இரவிலே வாழைப்பழமும் என்று ஆளுக்கொரு பக்குவம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவனோ சட்டைக் கையைக் கீழே இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டு, புகைப்படத்தில் பின்வரிசையில் நிற்கப் பழகிவிடுகிறான். இந்தப் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று படிக்கத் தொடங்கியவன் நான். படிக்கப் படிக்க, அவன் கேட்ட கேள்வி அவனுடைய சரீரத்தோடு மாத்திரம் நின்றுவிடவில்லை, எங்கள் ஜனங்கள் இந்த வீதியிலே நடந்து வந்த காலம்வரை பின்னோக்கிச் செல்கிறது என்று கண்டேன்.

முதலாவது, மெலிவிலே வியாதி எது, சுபாவம் எது என்று பிரித்தறிய வேண்டும். நேற்றுவரை இருந்த நிறை காரணமின்றிக் குறைந்துகொண்டு வந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், கை நடுங்கி நெஞ்சு படபடத்தால், தாகமும் சிறுநீரும் அதிகப்பட்டால், அங்கே உபதேசத்துக்கு இடமில்லை. காசநோயோ, கழுத்துச் சுரப்பியின் மிகுதியோ, நீரிழிவோ என்று அறிய வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். செருப்பில்லாமல் மண்ணிலே வேலை செய்கிற குடும்பமென்றால் கொளுக்கிப்புழுவையும் மறக்கலாகாது. 1916ஆம் ஆண்டிலே ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளியின் சோம்பல் என்று துரைமார் நெடுங்காலம் ஏசிவந்ததற்குள்ளே ஒரு புழு இருந்து இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. என் மருமகனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதிலும் மெலிந்திருந்தான், இருபத்திரண்டிலும் மெலிந்திருக்கிறான். அவன் தகப்பனும் அப்படியே. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுகிற உடற்றிணிவுச் சுட்டெண் அவனுக்கு 17. உலக சுகாதார ஸ்தாபனம் 18.5க்குக் கீழே உள்ளதைக் குறைநிறை என்று சொல்கிறது.

அப்படியானால் தின்பதெல்லாம் எங்கே போகிறது? இந்தக் கேள்வியையே அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டு, 16 பேரை எட்டு வாரகாலம் அவரவர் தேவைக்கு மேலே நாளொன்றுக்கு 1,000 கலோரி அதிகமாக உண்ணச் செய்து, உண்டது என்னவாயிற்று என்று கணக்கெடுத்து 1999இல் வெளியிட்டார்கள். எல்லாரும் உண்ட மிகுதி ஒன்றே; ஆயினும் ஒருவர் சரீரத்தில் ஏறிய கொழுப்பு அரைக் கிலோவுக்கும் குறைவு, இன்னொருவர் சரீரத்தில் நாலு கிலோவுக்கும் மேல். வித்தியாசத்துக்குக் காரணம் ஜீரணமும் அல்ல, தேகப்பயிற்சியும் அல்ல. உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டுவது, எழுந்து நடப்பது, நின்றுகொண்டே பேசுவது, ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் இருப்பது ஆகிய சின்னஞ்சிறு அசைவுகள், மிகுதியாக உண்ணத் தொடங்கியதும் சிலருக்கு அவர்கள் அறியாமலே பெருகிவிடுகின்றன என்பதுதான். ஒருவருக்கு இந்த வகையில் மட்டும் நாளொன்றுக்கு 692 கலோரி கூடுதலாகச் செலவாயிற்று; வேறொருவருக்கோ செலவு கூடுவதற்குப் பதிலாகச் சற்றுக் குறைந்தது. என் மருமகனைக் கவனித்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அவன் முழங்கால் தையல் மெஷின்போல ஆடிக்கொண்டே இருக்கும்.

இதிலே வம்சத்துக்கும் பங்கு உண்டு. கனடாவின் லாவல் சர்வகலாசாலையில் குளோட் பூஷார் என்பவர் பன்னிரண்டு ஜோடி ஒத்த இரட்டையரை, 100 நாளில் 84 நாள், இதே 1,000 கலோரி மிகுதியில் வைத்துப் பார்த்ததில், 4.3 கிலோ ஏறியவரும் உண்டு, 13.3 கிலோ ஏறியவரும் உண்டு. ஆனால் ஒரே ஜோடியைச் சேர்ந்த இருவரும் ஏறக்குறைய ஒரே அளவிலே ஏறினார்கள். ஆகவே, “திங்கத் தெரியாதவன்” என்று மெலிந்த பிள்ளையைத் தாய்மார் திட்டுவது அநியாயம். அவன் திங்கத் தெரிந்தவன்தான், அவனுடைய தேகம் சேர்த்து வைக்கத் தெரியாதது.

ஆனால் பலாபத்வலையில் நின்றுகொண்டு, மெலிவு முழுவதையும் காலாட்டத்தின்மேலும் பிறவிக் கூற்றின்மேலும் போட்டுவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. இந்த வீதி எந்த வீதி? கோப்பிக் காலத்திலே, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகக் கடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தப்பியவர்கள், தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்துசேர்ந்த வடபாதை இது. புகையிரதம் மாத்தளையை அடைந்தது 1880இல். அதற்கு முன்னே ஆயிரமாயிரம் பேர் இந்த வழியாகத்தான் எலும்பும் தோலுமாக நடந்து வந்தார்கள். கோப்பி நோயிலே அழிந்து தேயிலையும் ரப்பரும் கொக்கோவும் மலையேறின பின்னும், தோட்டத்திலே கொடுத்த அரிசியின் விலை கூலியிலே கழிந்தது. பிற்காலத்தில் அரிசியின் இடத்தைக் கோதுமை மா பெரும்பாலும் பிடித்துக்கொள்ள, லயத்துக் காம்பராவின் அடுப்பிலே ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் நிலைபெற்றன. வயிற்றை நிரப்புகிற ஆகாரம் அது. தசைக்கு வேண்டிய புரதம் அதிலே குறைவு.

1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேச்சிலே காலம் குறிக்க உபயோகிக்கிறார்கள். உணவுப் பங்கீடு சுருங்கி, மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, தோட்டப்பகுதிகளின் இறப்பு விகிதம் தேசத்தின் பொது விகிதத்தை வெகுவாக மிஞ்சிய காலம் அது. சோளத்தையும் சோயாவையும் கொண்டு செய்த திரிபோஷ மா, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்படத் தொடங்கியதும் அதே 1973இல்தான். அந்தப் பஞ்சத்திலே கர்ப்பத்திலிருந்த பெண்குழந்தைகள் பின்னாளில் தாங்களும் தாய்மாரானார்கள்; மெலிந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறப்பதும், அந்தப் பிள்ளை வளர்ந்து மறுபடி மெலிந்த தாயாவதும் ஒரு சக்கரம்போலச் சுழல்வதை வைத்தியர்கள் உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் மட்டும் 32 பேர். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஒருவன் மெலிந்திருப்பதைக் கண்டு சிரிப்பவர்களை என்னவென்று சொல்வது?

இனி, நான் படித்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்திவைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2004ஆம் ஆண்டிலே ‘லான்செட்’ வைத்திய சஞ்சிகையில் இரண்டு மனிதர்களுடைய புகைப்படம் வெளியாயிற்று. ஒருவர் புனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் யட்கின். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் சரீரத்தில் கொழுப்பு எவ்வளவு என்று கருவியால் அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதமும், நம்மவருக்கு 21.2 சதவீதமும் இருந்தன. தராசின் கண்ணுக்கு இருவரும் சமானமானவர்கள். உள்ளே ஒருவரிடம் இருந்தது பெரும்பாலும் தசை, மற்றவரிடம் அந்த இடத்திலே கொழுப்பு. இது வாழ்க்கை முறையால் வந்தது மாத்திரமோ என்றால், அதே யாக்னிக் புனேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்: நம் குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ, நம் குழந்தைகளிடம் தசை மிகவும் குறைந்திருக்க, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த கொழுத்த குழந்தை என்று விரோதமான இரண்டு சொற்களைச் சேர்த்து அவர் அதற்குப் பெயரிட்டார்.

இதன் தாற்பரியம் என் மருமகனுக்கு நேராகப் படுவது. அவன் கேட்டது உடம்பு ஏற வேண்டும் என்பது. ஆனால் நெய்யும் சீனியும் வாழைப்பழமும் உருளைக்கிழங்குமாக உண்டு, உண்டபடியே உட்கார்ந்திருந்து பத்துக் கிலோ ஏற்றிக்கொண்டால், நம் ஜாதிச் சரீரத்திலே அதில் பெரும்பகுதி தோளுக்கும் தொடைக்கும் போகாமல் வயிற்றைச் சுற்றியே போய் உட்காரும். குச்சிக் கைகால்களும் முன்னே தள்ளிய தொந்தியுமாக, நாற்பது வயதுக்குள் நீரிழிவுக்கு ஆளாகும் உருவத்தை நம் ஊர்களில் எத்தனை பேரிடம் பார்க்கிறோம்! மேல்நாட்டாருக்குச் சுட்டெண் 25 வரை அபாயமில்லை என்றால், ஆசியருக்கு 23லிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு சொன்னதும் இதை எண்ணித்தான். ஆகையால் மெலிந்தவன் தேடவேண்டியது தசை. நிறை அதன் பின்னால் வரட்டும்.

தசை எப்படி வளர்கிறது? உழைத்தால் வளரும் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படியானால் தோட்டத்து லயங்களெல்லாம் பயில்வான்களால் நிறைந்திருக்க வேண்டுமே! விடியற்காலையில் பிரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, கூடைக் கயிற்றைத் தலையிலே மாட்டி, செங்குத்தான மலையிலே ஏறி இறங்கி, முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழுவதற்காகப் பதினெட்டுக் கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து கொண்டுவருகிற பெண்ணின் கை ஏன் குச்சிபோல இருக்கிறது? நெடுநாள் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. விடை இதுதான்: தசை என்பது வேலையின் அளவுக்குப் பெருப்பதில்லை, வேலை தன் பழக்கத்தை மிஞ்சும்போதுதான் பெருக்கிறது. பதினெட்டு வயதில் அவள் சுமந்த கூடையும் ஐம்பது வயதில் சுமக்கிற கூடையும் ஒரே கூடை. முதல் சில மாதங்களில் அந்தப் பாரத்துக்குப் போதுமான அளவு தசையைச் சேர்த்துக்கொண்ட சரீரம், அதற்கு மேலே சேர்க்க முகாந்தரம் இல்லாமல் நின்றுவிட்டது. அதன்மேல், நாள் முழுவதும் மலையேறுகிற உழைப்பு உண்ட கலோரியை எல்லாம் அன்றன்றே தின்றுவிடுகிறது, ரொட்டியிலும் சாயத்தண்ணியிலும் தசை கட்டுவதற்கான மூலப்பொருள் போதவில்லை, இரத்தசோகை வேறு. பாரம், ஆகாரம், ஓய்வு என்ற மூன்றில் பாரம் மட்டும் அவளுக்கு வஞ்சனையில்லாமல் கிடைத்தது. அதுவும் கூடாத, குறையாத ஒரே பாரம்.

பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுவது என்ற இரகசியம் புதியதன்று. கிரேக்க தேசத்து மல்லன் மைலோ, கன்றுக்குட்டி ஒன்றை நாள்தோறும் தோளிலே சுமந்து, அது வளர வளரத் தானும் வளர்ந்து, முடிவில் முழு எருதையும் சுமந்தான் என்று கதை சொல்வார்கள். நம் பாண்டிநாட்டுக் கிராமங்களிலே ஊர்ப்பொதுவில் உருண்டையாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல் என்று பேர். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னே எறிந்தவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது வழக்கு. அதை முதல்நாளிலேயே எவனும் தூக்கிவிடுவதில்லை, முழங்கால் மட்டும், இடுப்பு மட்டும், நெஞ்சு மட்டும் என்று மாதக்கணக்கிலே ஏற்றுவார்கள். எங்கள் முன்னோர் மன்னார்க் காட்டைத் தாண்டி வந்தபோது மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள், காமன் கூத்தைக் கொண்டுவந்தார்கள். இந்தக் கல்லை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் போலும். வேறு எவனெவனுடைய பாரத்தையோ சுமக்க வந்தவனுக்கு அது எதற்கு!

இந்தப் பழைய இரகசியத்தை வைத்திய சாஸ்திரத்துக்குள்ளே கொண்டுவந்தவர் தோமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். இளவயதில் கீல்வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, எழுந்தபின் பாரந்தூக்கியே தேறியவர் அவர். இரண்டாம் உலக யுத்தத்திலே முழங்கால் உடைந்து வந்த சிப்பாய்களுக்கு அக்கால வழக்கப்படி இலேசான அசைவுகளைக் கொடுத்து மாதக்கணக்கில் கிடத்தி வைப்பதை விட்டு, சிக்காகோ வைத்தியசாலையில் அவர்கள் தாங்கக்கூடிய கனத்த பாரத்தைச் சில தடவை மட்டும் தூக்கச் செய்து, வாரந்தோறும் அதைக் கூட்டிவந்து, அவர்கள் விரைவில் எழுந்து நடக்கக் கண்டு 1945இல் எழுதினார்.

நம்மவரிலே உதாரணம் வேண்டுமானால் மனோகர் ஆயிச் என்ற வங்காளி இருக்கிறார். இன்றைய பங்களாதேஷின் கொமில்லாப் பக்கத்துக் கிராமத்திலே பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கருங்காய்ச்சல் வந்து சாகும் தறுவாய்க்குப் போய், எலும்புக்கூடாக எழுந்தவர். உயரம் ஐந்தடிக்கும் ஓரங்குலம் குறைவு. தண்டாலும் பஸ்கியுமாகத் தேகத்தைத் திரும்பக் கட்டி, பிரிட்டிஷ் விமானப்படையிலே சேர்ந்து, அவமதித்துப் பேசிய வெள்ளை அதிகாரியைக் கன்னத்தில் அறைந்து சிறைக்குப் போய், சிறைக்குள்ளேயும் அப்பியாசத்தை விடாமல், வெளியே வந்து 1952இல் லண்டனில் தம் உயரத்தார் பிரிவிலே ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ பட்டம் பெற்றார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால்: அவருடைய ஆகாரம் பெரும்பாலும் இவ்வளவே. 2016இல் நூறு வயதைத் தாண்டித்தான் காலமானார்.

ஆகவே மருமகனிடம் மூன்று நாள் கணக்கு ஒன்று சொன்னேன். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நாட்களில் ஓய்வு, ஏனெனில் தசை தூக்கும்போது வளர்வதில்லை, தூக்கிய பிறகு உறங்கும்போது வளர்கிறது. பாரத்துக்கு ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேன்கள் நாலு. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் அவனே கணக்குப் பார்த்து ஊற்றிக்கொள்ளலாம். அதை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழுவது, தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கி நிமிர்வது, தலைக்கு மேலே தள்ளுவது, தண்டால் எடுப்பது, வீட்டுக்குப் பின்னேயுள்ள பலாமரத்துத் தாழ்ந்த கிளையிலே தொங்கித் தன்னை மேலே இழுப்பது. ஒவ்வொன்றும் மூன்று சுற்று. எத்தனை தடவை என்பது முக்கியமல்ல, எட்டாயினும் இருபதாயினும், இன்னும் இரண்டு தடவைக்குமேல் முடியாது என்கிற நிலைக்கு வரும்வரை செய்யவேண்டும் என்பதே முக்கியம். இலேசான பாரமும் அந்த எல்லைவரை கொண்டுபோனால் கனத்த பாரத்துக்கு ஏறக்குறைய இணையாகத் தசையை வளர்க்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒரு சிட்டைக் கொப்பியில் திகதி போட்டுத் தடவையையும் பாரத்தையும் எழுதி வரவேண்டும். சென்ற வாரத்தைவிட ஒரு தடவையாவது, ஒரு கிலோவாவது கூடியிருக்க வேண்டும். முதல் மாதத்திலே பலம் சடுதியாக ஏறும், தோற்றம் மாறாது. நரம்புகள் தசையை ஏவப் பழகும் காலம் அது என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தேன், இல்லாவிட்டால் மனம் தளர்ந்துவிடுவான்.

ஆகாரத்தில்தான் எங்களுக்குள் வாதம் வந்தது. அவன் கைத்தொலைபேசியைக் காட்டி, பெரிய டப்பாவிலே வருகிற மாவு ஒன்றை வாங்கித் தரச் சொன்னான். தசையை வளர்ப்பதாகப் பயிற்சியாளர் படம் ஒட்டி விற்கிற அந்த மாவுகளிலே பலவற்றின் பெரும்பகுதி, மலிவான மாச்சத்தைச் சீனியின் உறவாக மாற்றிய மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருள். ரொட்டிக்கு அதிக விலை கொடுப்பது போலத்தான். எவ்வளவு புரதம் போதும் என்பதற்கு, 49 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொல்கிறது: பாரம் தூக்குகிறவருக்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம்வரை பயன் தரும், அதற்கு மேலே உண்பதால் தசை மேலும் கூடுவதாகக் காணவில்லை. 49 கிலோவுக்கு அது 78 கிராம். காலையிலே கோதுமை மா ரொட்டியில் 15 கிராம், இரண்டு முட்டையில் 12. பகலிலே சோற்றில் 14, ஐம்பது கிராம் மைசூர்ப் பருப்பில் 12, ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டில் 14. பின்நேரம் ஐம்பது கிராம் கச்சானில் 12. இரவுச் சாப்பாட்டை எண்ணுவதற்கு முன்னமே கணக்கு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு நிலைமைக்கு அப்பால் இதிலே ஒன்றும் இல்லை. கருவாட்டை உப்புப் போகச் சுடுநீரிலே ஊறவைத்து அலசவேண்டும், அவ்வளவே. கௌபியும் பயறும் சோயா மீட்டும் எருமைத் தயிரும் இவற்றுக்கு மாற்றாக வரலாம்.

கலோரி மிகுதி என்பது நாளொன்றுக்கு 300லிருந்து 500க்குள் இருந்தால் போதும். மெலிந்தவனுக்கு வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது என்பதால், பெரிய கவளமாகத் திணிப்பதைவிட, சிறிய அளவிலே செறிவான ஆகாரத்தை ஐந்தாறு வேளைக்குப் பகிர்வது உத்தமம்: ஐம்பது கிராம் கச்சானிலே 280 கலோரி இருக்கிறது, மாத்தளைப் பக்கத்திலே பருவத்தில் கொட்டிக்கிடக்கிற ஆனைக்கொய்யாவிலே கித்துள் பாணியை விட்டுப் பிசைந்து பாலோடு அடித்துக் குடித்தால், சாப்பிட்ட மாதிரியே தெரியாது, ஆனால் ஒரு வேளைச் சோற்றுக்குச் சமானம். சாப்பாட்டுக்கு முன் சாயத்தண்ணி குடித்துப் பசியைக் கெடுத்துக்கொள்வதையும், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து இரும்புச்சத்தை ஏறவொட்டாமல் தடுப்பதையும் விட்டுவிடச் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று அவன் தாயாரே ஒப்புக்கொண்டார்.

ஒரு விஷயத்திலே மட்டும் குரலை உயர்த்திப் பேச வேண்டியதாயிற்று. உடம்பு ஏறுவதற்கென்று கடைகளிலே காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிற மாத்திரைகள் உண்டு. அவற்றிலே சில, ஒவ்வாமைக்கு என்று உண்டான சைப்ரோஹெப்டடின். பசியைத் தூண்டும், பகலெல்லாம் தூங்கவும் வைக்கும், நிறுத்தினால் பசியும் நின்றுபோகும். வேறு சில டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீரொயிட். இரண்டு மாதத்திலே முகம் முழுநிலாவாக உப்பும், ஊரார் “புஷ்டியாகிவிட்டான்” என்று மெச்சுவார்கள், உள்ளேயோ எலும்பு இளைத்து, இரத்தத்தில் சீனி ஏறி, நாம் வளர்க்க நினைத்த தசையே கரைந்துகொண்டிருக்கும். உடற்பயிற்சி நிலையங்களில் காதோடு காதாகப் பேசி ஊசி விற்கிறவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாரம் தூக்கினால் ஆண்பிள்ளைபோல ஆகிவிடுவாள் என்று பயப்படுகிற தாய்மார், அவள் தலையிலே தண்ணீர்க்குடமும் விறகுக்கட்டும் ஏற்றும்போது பயப்படுவதில்லை. கர்ப்பம் தரிப்பதற்கு முன்னமே ஒரு பெண்ணின் நிறை சரியாக இருப்பது, கர்ப்பத்திலே பிறகு எத்தனை பை மா கொடுத்தாலும் முழுதாக ஈடுசெய்ய முடியாத ஒரு பலம். குடும்பநல மாது வீட்டுக்கு வருகிறபோது திரிபோஷப் பையை வாங்கி அண்ணன் தம்பிமாருக்கும் சேர்த்துக் கரைத்து வைக்கிற வீடுகளை நான் அறிவேன். குற்றம் சொல்ல மனம் வருவதில்லை, ஆனால் அதிலே கர்ப்பிணிக்குச் சேரவேண்டிய பங்கு அவளுக்குத்தான் சேரவேண்டும்.

பதினொரு மாதம் ஆகிறது. மருமகன் இடையிலே இரண்டு தடவை விட்டுவிட்டான். ஒரு தடவை காய்ச்சலால், ஒரு தடவை மிளகு பறிக்கும் பருவத்திலே கூலிக்குப் போய் ஏணியிலேயே நாள் கழிந்ததால். சிட்டைக் கொப்பியிலே அந்த இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. மறுபடி தொடங்கியபோது பழைய பாரத்துக்குத் திரும்பிவர முன்போல மாதங்கள் ஆகவில்லை, சில வாரமே ஆயிற்று, ஒரு தடவை கட்டிய தசை தான் இருந்த இடத்தை மறப்பதில்லை போலும். நாலு கேனும் போதாமல் இப்போது மணல் நிரப்பிய சாக்கு ஒன்று வந்திருக்கிறது. நிறை 55 கிலோ. சுட்டெண் 19ஐத் தொட்டுவிட்டது. இடுப்புச் சுற்றளவு ஓரங்குலம்கூடக் கூடவில்லை.

ஏறியது தசைதான் என்பதை நான் தராசிலே அறியவில்லை. சென்ற மாதம் அவன் தங்கை கலியாணத்துக்குச் சட்டை தைக்க மாத்தளைக்குப் போனபோது, பழைய அளவை எழுதி வைத்திருந்த தையற்காரர் நாடாவை அவன் மேற்கையிலே சுற்றிப் பார்த்துவிட்டு, கொப்பியைத் திரும்பப் பார்த்து, “இது ஒங்க அளவுதானா தம்பி?” என்று கேட்டார். அவன் ஆமென்றான். அவர் பழைய இலக்கத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, இடுப்பை அளக்காமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.